மலை ஏறும் பீட்டில்: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1971 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பின்பக்கம் நான்கு சிலிண்டர் ஏர்கூல்டு இன்ஜின், 1584 சிசி. நடுவில் காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் ஒற்றை சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர், அங்கிருந்து இரு பக்க சிலிண்டர் ஹெட்டுக்கும் நீளமான இன்டேக் பைப். கரண்டுக்கு 12 வோல்ட் டைனமோ.

சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, ஏற்காட்டில் அப்பா காலத்துக் காபித் தோட்டம் கொஞ்சம். வாரம் ஒருமுறையாவது கோரிமேடு, அடிவாரம் வழியாக மேலே போய்வருவார். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தூரத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, 1200 மீட்டர் ஏற்றம். எந்தப் பழைய கார்புரேட்டர் வண்டிக்கும் இது கடினமான பாதைதான்.

எங்கள் பட்டறைக்கு அவர் வந்தபோதே முடிவோடு வந்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டிடலாம். அது உயரத்துக்குத் தகுந்த மாதிரி தானே அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று சொல்லி, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கணக்கில் பீய்ச்சும் அந்த அமைப்புக்கு வெளிநாட்டுக் கிட் ஒன்றையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். கிட் வரவழைத்தால் மாட்டித் தருவோமா என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி. வாங்குவதற்கு முன் வண்டியைச் சில நாள் விட்டுவைக்கச் சொன்னோம்.

வண்டியின் புகார்கள்

புகார்கள் நான்கு. அடிவாரத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் இழுவை குறைந்து இன்ஜின் சூடேறும். எட்டாவது ஒன்பதாவது வளைவில் ஓரங்கட்டிப் பின்மூடியைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. வளைவில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு கணம் இருமி, திணறி, பிறகுதான் பிடிக்கும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் ஸ்டார்ட் ஆகி, ஊர் நடுச் சந்திப்பான ஒண்டிக்கடை வரை வந்து அணைந்துவிடும். ஐந்து நிமிடம் சும்மா நின்றால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். கோடையில் சேலத்துக்குள் ஓட்டி நிறுத்தினால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகாது, பெட்ரோல் வாடை வேறு.

நான்கையும் "உயரம்" என்ற ஒரே கணக்கில் எழுதிவைத்திருந்தார் மருமகன். ஆனால் பேச்சுவாக்கில் பெரியவர் சொன்ன ஒன்று அந்தக் கணக்கில் உட்காரவில்லை. "பாதி மலை ஏறிட்டா வண்டி தெளிஞ்சிடுங்க. கீழதான் தகராறு."

கார்புரேட்டர் வண்டி மலையில் எப்படிக் கெடும் என்பது தெரிந்த விஷயம். மேலே போகப் போகக் காற்று மெலியும். ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. ஆனால் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரியில் உறிஞ்சப்படும் பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது, அதில் பாதிதான் குறையும். அதனால் கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். மேலே கரும்புகை, கரிபிடித்த பிளக், மந்தம். கீழே வந்தால் சுகம். இதுதான் இயல்பு. இந்த வண்டி அதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது. ஆக, உயரத்தைக் குற்றவாளியாக்குவதற்கு முன் அளவெடுக்க வேண்டியிருந்தது.

அளவெடுத்தபோது தெரிந்தவை

சைலன்ஸரில் ஒரு புஷ் வெல்டிங் செய்து கலவையில் காற்றும் பெட்ரோலும் என்ன விகிதம் என்று காட்டும் அகலவீச்சு லாம்டா சென்சர் பொருத்தினோம். மூன்றாம் சிலிண்டர் பிளக்குக்கு அடியில் வெப்பம் காட்டும் வளையம். பீட்டிலில் பெரும்பாலும் முதலில் சூடேறுவது மூன்றாம் சிலிண்டர்தான். லாம்டா 1 என்றால் பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்று சரியாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் பெட்ரோல் போதவில்லை, கீழே வந்தால் பெட்ரோல் கூடுதல். மலையேற்றத்தில் முழு மிதியில் 0.85 முதல் 0.90 வரை இருந்தால் இந்த இன்ஜினுக்கு நிம்மதி. கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஜாக்கெட் இல்லாத இன்ஜினில் அந்தக் கொஞ்சமும் முக்கியம்.

கோரிமேட்டில் சீரான ஓட்டத்தில் 1.08 காட்டியது. அடிவாரத்தில் ஏற்றம் தொடங்கி முழுதாக மிதித்தபோது 0.98. எட்டாவது வளைவுக்குள் மூன்றாம் சிலிண்டர் 220 டிகிரியைத் தாண்டியது. மேலே போகப் போக முழு மிதி அளவு மெல்ல இறங்கி, ஏரிக்கு அருகே 0.92-ல் நின்றது. பெரியவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. வண்டி கீழே பெட்ரோல் இல்லாமல் பட்டினி கிடந்தது. உயரம்தான் அதற்குச் சோறு போட்டது.

பட்டினிக்கு முதல் காரணம் பெட்ரோல் பங்கில் இருந்தது. இந்த கார்புரேட்டரைக் கடைசியாகச் சீர்செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. எத்தனால் கலப்பு இந்த அளவுக்கு இல்லாத காலம் அது. 2023-ல் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் (இ20) இன்று எங்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதை எரிக்கக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கேட்டால், இ20 கேட்பது சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 8 சதவீதம் போல அதிக எரிபொருள் போக வேண்டும். புது வண்டியின் கம்ப்யூட்டர் அதைத் தானே கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் என்பது பித்தளையில் போட்ட ஓட்டை. அதற்கு பங்கில் என்ன ஊற்றினார்கள் என்று தெரியாது. எத்தனாலால் 8 குறைவு, உயரத்தால் 6 கூடுதல். மலை உச்சியில் இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோயின.

இரண்டாவது காரணம், இன்டேக் பைப்பின் நடுத்துண்டையும் ஓரத்துண்டுகளையும் இணைக்கும் ரப்பர் பூட். இடப்பக்க பூட்டின் அடிப்புறத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஐடிலிங்கில் அதன்மேல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே பீய்ச்சியதும் சத்தம் மாறியது. வெளிக்காற்று அந்த வழியாகவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வளைவுகளில் வந்த இருமலுக்கு, பிளக்குகளுக்கு முறைப்படி மின்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் காரணம். யாரோ எப்போதோ போஷ் 009 மாட்டியிருந்தார்கள். அதில் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்டேக்கின் உறிஞ்சலைக் கொண்டு பொறி விழும் நேரத்தை (டைமிங்) முன்னே தள்ளும் வசதி, கிடையாது. வேகம் கூடினால்தான் டைமிங் முன்னே போகும். 34 பிக்ட்-3 கார்புரேட்டரோ வேக்குவம் அட்வான்ஸை நம்பி வடிவமைக்கப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்தால் மிதிக்கும் கணத்தில் ஒரு பள்ளம் விழும் என்பது பீட்டில்காரர்களுக்குப் பழைய கதை. சமவெளியில் அதைப் பொறுத்துப்போகலாம். ஒரே ஏற்றத்தில் இருபது தடவை காலை எடுத்து எடுத்து மிதிக்க வைக்கும் சாலையில் முடியாது.

மேலே பிடித்த பனி

மார்கழிக் காலை அணைவதைப் பார்க்க முதல்நாளே வண்டியை ஏற்காட்டில் விட்டுவைத்தோம். காலையில் மூடுபனி, சாலையே ஈரம். வண்டி அணைந்ததும் பின்மூடியைத் திறந்தால், கார்புரேட்டருக்கு நேர் கீழே இன்டேக் பைப்பின் கழுத்தில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. விரலால் சுரண்டினால் துகளாக வந்தது. ஊரில் தண்ணீர் உறையாத காலையில் இன்ஜினுக்குள் ஐஸ்! பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். எத்தனால் இன்னும் அதிகமாக இழுக்கும். ஈரக்காற்றில் இருக்கும் நீர் உள்ளே உறைந்து வழியை அடைக்கும். வண்டி நின்றதும் இன்ஜின் சூடு மேலே ஏறி அதை உருக்கிவிடும். ஐந்து நிமிட ரகசியம் அவ்வளவுதான்.

இது நடக்கக் கூடாதென்றுதான் அந்தப் பைப்பை ஒட்டி இன்னொரு மெல்லிய பைப்பை ஓடவிட்டிருக்கிறது கம்பெனி. எக்ஸாஸ்ட் சூடு அதன் வழியாகப் போய் இன்டேக்கைச் சூடாக்கும். எங்களோடு வந்த மூத்த மெக்கானிக், ஃபியட், அம்பாசடர் காலத்து ஆள், இன்ஜின் ஓடும்போதே அந்தப் பைப்பை இரண்டு விரலால் பிடித்தார். "சார், கார்புரேட்டரைத் திட்டாதீங்க. இதைத் தொட்டுப் பாருங்க, செத்த பாம்பு மாதிரி ஜில்லுனு கெடக்கு." கழற்றிப் பார்த்ததில் உள்ளே முழுக்கக் கரி அடைத்து, கம்பி நுழையவும் இடமில்லை.

தீ அபாயம்

அதே சமயத்தில் கண்ணில் பட்ட இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரின் மேல்மூடியில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் இருக்கிறது. அது திரெட் போட்டு முறுக்கியதல்ல, அடித்துச் செருகியது. இந்த வண்டியில் அதை விரலால் திருகினாலே சுற்றியது, இழுத்தால் கையோடு வந்தது. அதற்கு முன்னால் இன்ஜின் அறைக்குள் ஒரு ஃபில்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள்; அதன் ஆட்டம்தான் குழாயைத் தளர்த்தியிருக்க வேண்டும். ரப்பர் ஹோஸும் எத்தனாலில் ஊறித் தொளதொளத்திருந்தது. ஓடும்போது குழாய் கழன்றால் பம்ப் பெட்ரோலைச் சூடான இன்ஜின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். பீட்டிலின் கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது நிலைமையை மோசமாக்கும். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட் உலைச் செங்கல்லாகித் தீயைத் தாங்குகிறது. அதிலுள்ள அதே மெக்னீசியம் உலோகமாகிவிட்டால் தீயாகவே எரிகிறது. அதற்குமேல் எந்த ஓட்டச் சோதனைக்கும் போகாமல் வண்டியை அங்கேயே நிறுத்தி, லாரியில் கீழே இறக்கினோம்.

முன்னிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

இரட்டை கார்புரேட்டர் யோசனை ஒன்றும் இருந்தது. ஹெட்டுக்கு ஒன்றாக இரண்டு வெபர் கார்புரேட்டர் மாட்டினால் பைப் குட்டையாகும், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் இ20-ஐயும் உயரத்தையும் அவையும் அறியா. ஒன்றுக்குப் பதில் இரண்டை ஒத்திசைக்க வேண்டும். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

இன்ஜெக்‌ஷனை அப்படித் தள்ள முடியாது. "ஏர்கூல்டு இன்ஜினுக்கு இன்ஜெக்‌ஷன் ஒத்துவராது" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு, ஆதாரமில்லாதது. ஃபோக்ஸ்வாகனே 1967-ல் தன் டைப் 3 ஏர்கூல்டு காரில் போஷ் டி-ஜெட்ரானிக் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களும், மெக்ஸிகோவில் 2003 வரை தயாரான கடைசி பீட்டில்களும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளே. காற்றழுத்தத்தை அளந்து, எக்ஸாஸ்டை முகர்ந்து, கலவையை நொடிக்கு நொடி திருத்தும் அமைப்பு இந்த மலைக்கும் இந்த பெட்ரோலுக்கும் பொருத்தம்தான். மருமகன் சொன்னதில் அந்தப் பாதி முழு உண்மை. மெலிந்த காற்றால் போகும் 11 சதவீத இழுவையை மட்டும் அதனாலும் திருப்பித் தர முடியாது.

தடுத்தவை வேறு. அவர் தேர்ந்தெடுத்த கிட், கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி வகை. பெட்ரோல் அதே நடு இடத்தில் பீய்ச்சப்பட்டு அதே நீளப் பைப் வழியாகத்தான் போகும். சூடாக்கும் பைப் அடைபட்டுக் கிடந்தால் பனிக்காலத்தில் இதுவும் திணறும். வெடித்த பூட் வழியே வரும் காற்று கம்ப்யூட்டரையும் குழப்பும். 009 இருக்கும்வரை டைமிங் பிழை அப்படியே இருக்கும். 1975-ல் ஃபோக்ஸ்வாகன் செய்தது வேறு: இன்ஜெக்டர்களை ஹெட்டின் வாசலிலேயே வைத்தது, அதனால் அந்தப் பைப்பில் காற்று மட்டுமே ஓடியது.

பிறகு வண்டியின் உடல்கட்டு. கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் அளவில் வேண்டும். டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால். மிஞ்சும் பெட்ரோல் திரும்பிப்போக வண்டி நீளத்துக்கு ஒரு ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டும். டேங்க்குக்குள் தடுப்புத் தகடு இல்லை. டேங்க் குறைவாக இருக்கும்போது கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரில் இருக்கும் மிதவைக் கிண்ணம் அந்த ஓரிரு நொடியைச் சமாளித்துவிடும், இன்ஜெக்‌ஷனில் அந்தக் கையிருப்பு கிடையாது. டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றுவதே அரிது. பம்ப்பும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் கட்டாயம். மொத்தச் செலவு, இருப்பதைச் சீராக்கும் செலவைப் போல ஏழெட்டு மடங்கு வந்தது. மலை நடுவில் நின்றுபோனால் ஸ்க்ரூடிரைவரோடு வந்து பார்க்க ஏற்காட்டில் ஆள் உண்டு. லேப்டாப்போடு வர ஆளில்லை.

பெரியவரிடம் சொன்னது இதுதான்: இன்ஜெக்‌ஷன் மாட்டினாலும் பூட், சூட்டுப் பைப், டிஸ்ட்ரிபியூட்டர், ஹோஸ் நான்கையும் முதலில் சரிசெய்தே ஆக வேண்டும். அதை இப்போதே செய்வோம். அதற்குப் பிறகும் குறை மிஞ்சினால், அந்தக் குறைக்காக மட்டும் இன்ஜெக்‌ஷன் பற்றிப் பேசுவோம். மருமகன் போனில் நீண்ட நேரம் வாதாடினார். பெரியவர் ஒத்துக்கொண்டதற்கு எங்கள் வாதத்தைவிடக் கையோடு வந்த பித்தளைக் குழாய்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

செய்த வேலைகள்

இன்டேக்கைக் கழற்றி, பழைய கிளட்ச் கேபிள் ஒன்றின் முனையைப் பிரித்து டிரில்லில் மாட்டி, சூட்டுப் பைப்பில் இரு பக்கமிருந்தும் விட்டுக் கரியைக் குடைந்தெடுத்தோம். வேலையில் அதிக நேரம் தின்றது இதுவே. பூட்கள் புதிது. வேக்குவம் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் போட்டு, வேக்குவம் குழாயைக் கழற்றிவைத்து உயர் சுழற்சியில் 30 டிகிரிக்கு டைமிங் வைத்தோம். டேப்பெட் (வால்வு) இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டர். பித்தளைக் குழாய்க்கு லேத்தில் திரெட் போட்டு முறுக்கும்படி செய்தோம். எத்தனால் தாங்கும் ஹோஸ், ஃபில்டர் டேங்க்குக்கு அடியில்.

ஜெட் கணக்கு எளிது. இருந்த மெயின் ஜெட் 127.5, அதாவது 1.275 மில்லிமீட்டர் துளை. 8 சதவீதம் அதிகம் பாய வேண்டுமானால் துளையின் பரப்பு அவ்வளவு கூட வேண்டும். விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும். 132.5 போட்டோம். இதைச் சேலத்துக்கு வைப்பதா, ஏற்காட்டுக்கா என்ற கேள்வி வந்தது. சேலத்துக்கே வைத்தோம். மேலே பெட்ரோல் கூடினால் பணம்தான் போகும். கீழே முழு மிதியில் குறைந்தால் ஹெட்டே போகும்.

கோடைச் சிக்கலுக்கு இன்ஜின் அறையைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் பீடிங்கைப் புதிதாகப் போட்டோம். அது பாதி இடத்தில் இல்லை. கீழே எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்று அந்த இடைவெளி வழியாக மேலேறி, ஃபேனுக்கே போய்க்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது

அதே சாலையில் மறுபடி அளவெடுத்தபோது அடிவாரத்தில் முழு மிதியில் 0.91, மேலே 0.86. சமவெளிச் சீரோட்டத்தில் 1.00. மூன்றாம் சிலிண்டர் 195-ஐத் தாண்டவில்லை. வளைவில் இருமல் போயிற்று. இருபது வளைவும் ஏறி எங்கும் நிறுத்தாமல் வண்டி ஒண்டிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மார்கழியில் ஐஸ் புகார் வரவில்லை. ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் மட்டும் அவசரப்படுத்தினால் தயங்கும், சூட்டுப் பைப் சுடத் தொடங்கியதும் சரியாகிவிடும்.

தீராதவையும் உண்டு. மேலேயே ஒரு வாரம் ஓட்டினால் பிளக் கறுக்கிறது. மைலேஜ் கொஞ்சம் குறைந்தது. அக்னி நட்சத்திரத்தில் சேலத்து நெரிசலில் ஓட்டி நிறுத்தினால் இன்னமும் பத்து நிமிடம் ஸ்டார்ட்டிங் டிரபிள் இருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் சூட்டில் கொதிப்பதை பீடிங்கால் குறைக்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை. அழுத்தத்தில் நிற்கும் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. மருமகன் ஒவ்வொரு மே மாதமும் இதை ஞாபகப்படுத்துகிறார், நியாயமாகவே.

அடுத்த முறை மாற்றுவது

இப்போது மலையேறும் பழைய வண்டி எது வந்தாலும், முதலில் கேட்பது கார்புரேட்டரை எந்த வருடம் சீர்செய்தீர்கள், அப்போது பங்கில் என்ன பெட்ரோல் இருந்தது என்பதை. அடுத்து, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பெட்ரோல் நுழையும் குழாயைக் கையால் திருகிப் பார்க்கிறோம். இந்த வண்டியில் அதைப் பார்த்தது கோரிமேடு வரையும் மலை வரையும் ஓட்டிய பிறகுதான். வரிசை அப்படி இருக்கக் கூடாது. லாம்டா அளவை மேலே, கீழே இரண்டு இடத்திலும் எடுக்காமல் எந்தக் கிட் பற்றியும் பேசுவதில்லை.

ஹோஸ் வேலைக்காக டேங்க்கை இறக்கியிருந்தோம். அப்போதே தடுப்புத் தகடும் ரிட்டர்ன் லைனுக்கு ஒரு வாயும் வெல்டிங் செய்து மூடிவைத்திருந்தால் பின்னால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். இனி டேங்க் இறங்கும் வண்டிகளில் உரிமையாளரைக் கேட்டு அதைச் செய்துவைக்கிறோம். இந்த வண்டியின் ஹெட்டுகளுக்கு இன்னும் சில வருடத்தில் வால்வு வேலை வரும். இன்ஜினை இறக்கும் அந்தச் சமயத்தில் ஆல்டர்னேட்டரையும், ஹெட் வாசலில் இன்ஜெக்டர் உட்காரும் வகை இன்ஜெக்‌ஷனையும் பார்க்கலாம் என்று பெரியவரும் மருமகனும் பேசி வைத்திருக்கிறார்கள். அதுவரை 132.5 ஜெட்தான்.